35 வயதுப் பப் பரிசோதனை: போடும் காசுக்குப் பலன் உண்டா?

உடுவில் மகள் – திங்கள், இரவு 9.10

எனக்குப் போன மாதம் 35 வயது முடிந்தது. அந்தக் கிழமையே எங்கள் பகுதி மிட்வைவ் (மருத்துவமாது) மிஸ் படலையடியில் வந்து நின்று, பெண்களுக்கான வெல் வுமன் கிளினிக்குக்கு வரச் சொல்லித் துண்டு தந்துவிட்டுப் போனார். பப் பரிசோதனை (கருப்பைக் கழுத்திலிருந்து செல் எடுத்துப் பார்ப்பது), மார்புப் பரிசோதனை, பிரஷர், சீனி எல்லாம் ஒரே இடத்தில் பார்ப்பார்களாம். காசு கட்டத் தேவையில்லை.

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். துண்டை வேலையிடத்தில் காட்டினேன். மூத்த அலுவலர் ஒருவர் அப்போது கேட்ட கேள்வி இரண்டு நாளாக மண்டைக்குள்ளேயே நிற்கிறது. "2022இல் மருந்துக்கு நாடே அலைந்தது மறந்துபோச்சா? ஒரு வருத்தமும் இல்லாத நூற்றுக்கணக்கான பெண்களைக் கூப்பிட்டுச் சோதித்து ஒன்றிரண்டு பேரைப் பிடிப்பதைவிட, அந்தக் காசை வருத்தம் வந்தவர்களுக்குச் செலவழித்தால் என்ன?" என்றார்.

அவர் பெண்களை இளக்காரமாக நினைக்கிறவர் இல்லை. கணக்காகத்தான் கேட்டார். எனக்கும் உடனே பதில் வரவில்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு முன்கூட்டிப் பரிசோதிப்பது எங்களைப் போன்ற வருமானம் குறைந்த நாடுகளுக்குக் கட்டுப்படியாகுமா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள். நான் கிளினிக்குக்குப் போவேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அவருக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும்.

பழைய மிட்வைவ் – திங்கள், இரவு 10.02

தங்கச்சி, நான் வடமராட்சிப் பக்கம் நெடுங்காலம் மிட்வைவாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தக் கிளினிக்குகள் நாட்டில் 1996இல் தொடங்கின. அந்த வருடம் நாங்கள் இடம்பெயர்ந்து திரிந்துகொண்டிருந்தோம். ஒரு பிள்ளை பத்திரமாகப் பிறக்க ஒரு இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். நான் வேலை செய்த ஊர்களில் பப் பற்றி ஒழுங்காகக் கதைக்கத் தொடங்கியது சண்டை முடிந்த பிறகுதான்.

உங்கள் அலுவலர் ஒன்றை விட்டுவிட்டார். நாங்கள் அங்கே தேடுவது புற்றுநோயை இல்லை. அதற்கு முன்னால் வருகிற மாற்றத்தை. எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றி, உடம்பு அதைத் துரத்த முடியாமல் போய், அது புற்றுநோயாக மாறுவதற்கு வழக்கமாக 15, 20 வருடம் எடுக்கும். இவ்வளவு நீண்ட அவகாசம் தருகிற புற்றுநோய்கள் குறைவு. அந்த அவகாசத்துக்குள் பிடித்தால் கருப்பைக் கழுத்தில் அந்த இடத்தை மட்டும் சுட்டோ, உறையவைத்தோ, வெட்டியோ எடுத்துவிடலாம். அநேகமாக அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று இங்கே எழுத மனமில்லை.

என் மனதை உழற்றியது வேறு. கிளினிக்குக்கு வராதவர்களைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்பட்டதில்லை. அவர்களை அடுத்த முறை பிடிக்கலாம். வந்து, பரிசோதித்து, ரிப்போட்டில் மாற்றம் இருக்கிறது என்று வந்த பிறகு ஆளைக் காணவில்லை என்றால்தான் நித்திரை வராது. போன் நம்பர் மாறியிருக்கும். கொழும்பில் மகளுடன் இருக்கிறார் என்பார்கள். ஒருமுறை ஒரு ரிப்போட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நாலு நாள் சைக்கிள் உழக்கினேன். கடைசியில் வீட்டைக் கண்டுபிடித்தால் வாசலில் மாமியார் நிற்கிறார். அந்தப் பிள்ளை வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் கிளினிக்குக்கு வந்திருக்கிறது. விஷயத்தைச் சொல்லவும் ஏலாது, சொல்லாமல் திரும்பவும் ஏலாது. கிணற்றடியில் தண்ணீர் கேட்கிற சாட்டில் பிள்ளையைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.

அந்த நாலு நாளை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

திருநெல்வேலி மாணவன் – திங்கள், இரவு 11.25

மிஸ், நீங்கள் கேட்ட அந்தக் கேள்விக்குத்தான் இந்தத் துறையில் 20 வருடமாகப் பதில் தேடுகிறார்கள். நான் சுகாதாரப் பொருளியல் படிக்கிறேன், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

2005இல் சூ கோல்டி என்ற ஹார்வர்ட் ஆய்வாளரும் அவருடைய குழுவும் இந்தியா, கென்யா, பெரு, தென்னாபிரிக்கா, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பெண்ணை வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, 35 வயதளவில், ஒன்று அல்லது இரண்டு வரவுக்குள் முடிகிற முறையில் பரிசோதித்தால் அவருக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 25 முதல் 36 சதவீதம் குறையும். காப்பாற்றப்படும் ஒவ்வொரு ஆயுள் வருடத்துக்கும் செலவு 500 சர்வதேச டாலருக்கு (நாட்டுக்கு நாடு உள்ள விலை வித்தியாசத்தைச் சரிசெய்த டாலர்) கீழே. 40 வயதில் இன்னொரு தடவை பார்த்தால் ஆபத்து இன்னும் 40 சதவீதம் குறையும். அதற்குப் பிறகும் ஒரு ஆயுள் வருடத்துக்கான செலவு அந்தந்த நாட்டின் தலைக்குரிய வருட உற்பத்தியைத் தாண்டவில்லை.

அந்த ஐந்தில் இலங்கை இல்லை, விலைகளும் அந்தக் காலத்து விலைகள். அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. ஆனால் அந்த ஆய்வில் நான் பிடித்துக்கொண்ட விஷயம் வேறு. பழைய முறையில் பப் பரிசோதனைக்கு ஒரு பெண் மூன்று தடவை வர வேண்டும். பரிசோதிக்க ஒன்று, முடிவு கேட்டு மேலதிகமாகப் பார்க்க ஒன்று, சிகிச்சைக்கு ஒன்று. வினாகிரி பூசிப் பார்க்கும் முறை, வைரஸையே தேடும் எச்.பி.வி. பரிசோதனை என்று வரவுகளைக் குறைத்த முறைகள்தான் செலவுக்குக் கூடிய பலன் தந்தன. ஒவ்வொரு வரவிலும் சில பெண்கள் கைநழுவிப் போகிறார்கள். மிஸ் சைக்கிளில் துரத்திக்கொண்டு போனது அந்த நழுவலைத்தான்.

உடுவில் மகள் – செவ்வாய், காலை 6.40

தம்பி, இதைப் படித்த பிறகு படுக்க முடியவில்லை. கொப்பியை எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். எண்கள் முழுக்க என் கற்பனை. கணக்கின் போக்கைப் பார்ப்பதற்கு மட்டும்.

ஒரு பகுதியில் வருடத்துக்கு 1,00,000 ரூபாய் செலவழித்துப் பரிசோதிக்கிறார்கள் என்று வைப்போம். சிகிச்சை தேவையான 5 பேர் தெரியவருகிறார்கள். ஐந்து பேரும் வந்து சிகிச்சை எடுத்தால் ஒருவருக்கு 20,000. இரண்டு பேர்தான் வந்தார்கள் என்றால் ஒருவருக்கு 50,000. மாதிரி பூசும் கண்ணாடித் தட்டின் விலை கூடவில்லை, மிஸ்ஸின் சம்பளம் கூடவில்லை, ஆனால் பலனின் விலை இரண்டரை மடங்கு. மூன்று பெண்களுடைய முடிவு எங்கேயோ ஒரு கோப்புக்குள் கிடக்கிறது.

எங்கள் அலுவலர் பரிசோதனையின் விலையைத்தான் பார்த்தார். நானும் இதுவரை அதைத்தான் பார்த்தேன். நேற்று இரவு முதல் அந்த மூன்று பெண்கள்தான் கண்ணுக்குள் நிற்கிறார்கள்.

சுன்னாகம் அப்பா – செவ்வாய், பிற்பகல் 1.15

எல்லாரும் ஒரு விஷயத்தை மறந்துவிட்டீர்கள் போல இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு 2017 முதல் எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். என் மகளுக்கும் 2018இல் போட்டார்கள். நோயையே வராமல் தடுக்க ஊசி இருக்கும்போது, அதற்குப் போடுகிற காசைக் கூட்டிவிட்டு இந்தப் பரிசோதனையை மெதுவாக விட்டுவிடலாம்தானே?

திருநெல்வேலி மாணவன் – செவ்வாய், பிற்பகல் 2.30

அண்ணை, உங்கள் மகள் 2018இல் 11 வயது என்றால் 2007இல் பிறந்தவர். 35 வயதாகும்போது 2042. இப்போது 35 முதல் 60 வரை இருக்கிற பெண்களில் அநேகமாக ஒருவருக்கும் இந்த ஊசி கிடைக்கவில்லை. பரிசோதனையை விட்டுவிட்டால் உங்கள் மனைவியையும் தங்கச்சிமாரையும் வெறுங்கையோடு விடுகிறோம் என்றுதான் அர்த்தம்.

ஊசியின் பலனில் சந்தேகம் வேண்டாம். இங்கிலாந்தில் 12, 13 வயதில் அது கிடைத்த பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்ததாக 2021இல் ஆய்வு வந்தது. ஆனாலும் இங்கே போடுகிற ஊசி தடுக்கிற 16, 18 என்ற இலக்கமுள்ள இரண்டு எச்.பி.வி. வகைகள்தான் உலகில் ஏறத்தாழ 70 சதவீதப் புற்றுநோய்க்குக் காரணம். மிச்ச 30 சதவீதத்துக்கு வேறு வகைகள் இருக்கின்றன. அதனால் ஊசி போட்ட பிள்ளைகளும் ஒரு வயதுக்குப் பிறகு பரிசோதிக்க வேண்டும்.

கணக்கு ரீதியாகவும் ஒரு விஷயம். பின்னால் கிடைக்கப்போகிற பலனைப் பொருளியலில் வழக்கமாக வருடத்துக்கு 3 சதவீதம் குறைத்துக் கணக்கிடுவார்கள். 10 வயதில் போட்ட ஊசி 50 வயதில் வரவிருந்த நோயைத் தடுத்தால், அந்தப் பலன் 40 வருடம் தள்ளி இருக்கிறது. அங்கே காப்பாற்றிய ஒரு ஆயுள் வருடம் இன்றைய கணக்கில் 0.31 வருடமாகச் சுருங்கும். 35 வயதில் பரிசோதித்து அதே நோயைத் தடுத்தால் 15 வருடத் தள்ளல்தான், 0.64. எனக்கு இந்த முறையில் மனத்தாங்கல் உண்டு, ஒரு உயிர் பிந்திக் காப்பாற்றப்பட்டால் பெறுமதி குறைவா என்று. இருந்தாலும் பரிசோதனையின் பலன் முந்தியும் ஊசியின் பலன் பிந்தியும் வருவதால், இரண்டும் ஒன்றுக்கு ஒன்று போட்டி இல்லை என்று காட்ட இது உதவும்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020 நவம்பரில் அறிவித்த திட்டத்திலும் இரண்டும் சேர்ந்துதான் இருக்கின்றன. 2030க்குள் 90 சதவீதப் பெண் பிள்ளைகளுக்கு 15 வயதுக்குள் ஊசி, 70 சதவீதப் பெண்களுக்கு 35 வயதுக்குள் ஒரு தடவையும் 45க்குள் இன்னொரு தடவையும் தரமான பரிசோதனை, நோயோ முன்மாற்றமோ இருப்பதாகத் தெரிந்தவர்களில் 90 சதவீதத்துக்குச் சிகிச்சை.

சுன்னாகம் அப்பா – செவ்வாய், பிற்பகல் 3.05

2042 என்று நீங்கள் எழுதிய பிறகுதான் உறைத்தது தம்பி. மகளுக்குப் போட்டாயிற்று, வீட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். மனைவிக்கு இப்போது 46. அவரிடம் கேட்க வேண்டும்.

காரைநகர் தங்கை – செவ்வாய், இரவு 8.50

எழுதுவதா விடுவதா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

என் அக்காவுக்கு 2011இல் இந்த வருத்தம் கண்டுபிடித்தார்கள். அப்போது அவருக்கு 44. அதற்கு முதல் ஒரு வருடமாக மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் இரத்தம் பட்டது. கணவருடன் சேர்ந்த பிறகும் பட்டது என்று பிற்பாடுதான் என்னிடம் சொன்னார். ஒரு தனியார் மருத்துவரிடம் போனார். வெள்ளைபடுதலுக்கு மருந்து கொடுத்து அனுப்பினார். இன்னொரு தடவையும் அதே மருந்து. உள்ளே வைத்துப் பார்க்கவே இல்லை. மாதவிலக்கு நிற்கப்போகிற வயது, இப்படித்தான் இருக்கும் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம்.

அப்போது தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை வரவில்லை. அதே 2011இல்தான் அதற்குப் பணம் சேர்க்கத் தெற்குக் கரையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் நடந்து வந்தார்கள். நாங்கள் ஏ9 வீதியால் இரவு பஸ்ஸில் கொழும்புக்குக் கிட்ட உள்ள மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய் வந்துகொண்டிருந்தோம். சிகிச்சைக்கு ஒரு சதமும் வாங்கவில்லை, அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் பஸ் காசு, தங்குகிற அறை, சாப்பாடு, கூட நின்ற எனக்கு வேலை போனது, அத்தானுக்குக் கடல் தொழில் நின்றது. அக்காவின் தாலிக்கொடியைத் தவிர மிச்சம் எல்லாம் அடைவுக்குப் போனது. மூத்த பிள்ளை ஓ.எல். சோதனை எழுதாமல் விட்டது. அக்கா 2013 மாசியில் போய்விட்டார்.

இலவச வைத்தியம் உள்ள நாட்டில் இந்த நோய்க்கு என்ன செலவு என்று கேட்கிற ஆட்கள் இதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் வீடு அந்தக் கடனிலிருந்து மீள ஆறு வருடம் ஆனது.

எனக்கு இப்போது 41. 35இல் எனக்கும் துண்டு வந்தது. நான் போகவில்லை. அக்காவுக்கு வந்தது எனக்கும் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

உடுவில் மகள் – செவ்வாய், இரவு 9.30

அக்கா, எழுதியதற்கு நன்றி. என்ன சொல்வது என்று தெரியவில்லை. நான் கொப்பியில் போட்ட கணக்கில் அடைவும் இல்லை, அந்தப் பிள்ளையின் ஓ.எல்.லும் இல்லை.

ஆய்வுகூடத் தம்பி – புதன், காலை 10.20

நான் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன், எங்கே என்று சொல்லவில்லை. தட்டுப் பக்கத்துக் கதையை நான் சொல்கிறேன்.

பப் தட்டு பார்ப்பதற்கு இயந்திரத்தை விடப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். எடுத்த உடனே அற்ககோலில் போட வேண்டும், காற்றில் காய்ந்தால் செல் கெட்டுவிடும். இரத்தம் கூடினால் பார்க்க முடியாது. சரியான இடத்திலிருந்து எடுக்காவிட்டால் "போதாது, திரும்ப எடுக்கவும்" என்று எழுதித்தான் அனுப்ப வேண்டும். அந்த ஒரு வரி ஒரு பெண்ணுக்கு இன்னொரு நாள் கூலி. ஒரு ஆள் ஒரு நாளைக்கு இத்தனை தட்டுத்தான் கவனமாகப் பார்க்க முடியும் என்ற எல்லையும் இருக்கிறது. ஆட்கள் வெளிநாட்டுக்குப் போனால் தட்டுக்கள் குவியும், முடிவு போக மாதக்கணக்காகும்.

எச்.பி.வி. பரிசோதனை வேறு மாதிரி. செல்லைப் பார்ப்பதில்லை, வைரஸின் மரபணு இருக்கிறதா என்று பார்ப்பது. கண் தவறு இல்லை. 2020 ஏப்ரலில் யாழ் மருத்துவ பீடத்தில் கோவிட் பீ.சீ.ஆர். தொடங்கியபோது எங்களைப் போன்றவர்கள் பட்ட சந்தோஷம் கொஞ்சமில்லை. இந்த மண்ணில் வைத்தே இப்படியான வேலை செய்யலாம் என்று கண்ணால் கண்டோம். எச்.பி.வி.க்கும் அதே வகைத் தொழில்நுட்பந்தான். களுத்துறையில் முன்னோடியாகச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் இயந்திரம் இருக்கிறது என்பதற்காக வேலை நடக்காது. பரிசோதனைக் கிட் டாலரில் வருகிறது. சேவிஸ் ஒப்பந்தம் முடிந்தால் பழுது பார்க்க ஆள் வராது. மாதிரி குறைவாக வந்தால் ஒரு சுற்று நிறையும் வரை வைத்திருக்க வேண்டும், அப்போது முடிவு பிந்தும். வாங்கும்போதே ஐந்து வருடச் செலவைச் சேர்த்துக் கணக்குப் பார்க்காவிட்டால் அது மூலையில் துணி போர்த்திக் கிடக்கும்.

திருநெல்வேலி மாணவன் – புதன், பிற்பகல் 12.45

ஆய்வுகூட அண்ணை சொன்னதோடு சேர்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தியாவில் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையான 1,31,746 பெண்களை நான்கு பிரிவாக்கி எட்டு வருடம் பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. எச்.பி.வி. பரிசோதனை ஒரே ஒரு தடவை கிடைத்த பிரிவில் இந்த நோயால் 34 பேர் இறந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த பிரிவில் 64 பேர். பப் பிரிவிலும் வினாகிரிப் பிரிவிலும் இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை.

ஆனால் தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற தாதியர் வினாகிரி முறையில் ஒரே தடவை பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது. அங்கே இறப்பு 35 சதவீதம் குறைந்தது. ஐதான வினாகிரியைக் கருப்பைக் கழுத்தில் பூசி ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பது, வெள்ளையாக மாறினால் சந்தேகம். அவ்வளவு மலிவு. அதே முறை ஒரு இடத்தில் உயிர் காத்தது, இன்னொரு இடத்தில் காக்கவில்லை. பார்க்கிற கண்ணும் பயிற்சியும் பின்தொடரலும் இடத்துக்கு இடம் மாறுபடுவதே காரணம் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது ஒரு கனம் இருக்கும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விட்ட பிரிவுகளில் இருந்த பெண்களுக்குப் பரிசோதனை செய்யப்படவில்லை. அது சரியா என்று பின்னால் கடுமையான விமர்சனம் எழுந்தது, நானும் அந்த விமர்சனத்தின் பக்கம்தான். அந்த 64 பேரும் யாரோ வீட்டு அக்கா. நாங்கள் இன்றைக்கு எது பலன் தரும் என்று தெரிந்து கதைப்பது அவர்களால்.

2021இல் உலக சுகாதார ஸ்தாபனம் எச்.பி.வி. பரிசோதனையையே முதல் தெரிவாகச் சொன்னது. 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 வருடத்துக்கு ஒரு தடவை போதும். பப் என்றால் மூன்று வருடத்துக்கு ஒன்று. ஒரு பரிசோதனையின் விலை கூட என்றாலும், வாழ்நாள் முழுக்கக் கூட்டினால் வித்தியாசம் சுருங்கிவிடும்.

தீவக ரீச்சர் – புதன், இரவு 7.15

நான் நெடுந்தீவில் படிப்பிக்கிறேன். "வரவு" என்று நீங்கள் எழுதுகிற சொல்லுக்கு இங்கே என்ன அர்த்தம் என்று சொல்கிறேன்.

காலையில் படகில் குறிகாட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். காற்றுக் காலத்தில் கடல் குழம்பினால் படகே இல்லை. அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம். வேலை முடியப் பிந்தினால் திரும்பும் படகு போய்விடும், பட்டணத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்க வேண்டும். பிள்ளைகளை யார் பார்ப்பது, மாட்டை யார் அவிழ்ப்பது, ஏன் போனாய் என்று கேட்டால் என்ன சொல்வது? "முடிவு வந்திருக்கிறது, வந்து காட்டுங்கள்" என்று ஒரு பெண்ணுக்குச் சொன்னால் இரண்டு நாள் கேட்கிறீர்கள். என்னுடைய ஒரு மாணவியின் அம்மா அப்படித் தள்ளித் தள்ளி எட்டு மாதம் போகவில்லை. நல்ல காலம், போனபோது பெரிதாக ஒன்றும் இல்லை.

பெண்களே தாங்களாக மாதிரி எடுத்துக் கொடுக்கலாம் என்று வாசித்தேன். உண்மையா? அது உண்மையென்றால் இங்கே பாதிப் பிரச்சினை தீரும். போத்தல்தான் கடல் கடக்க வேண்டும், பெண் இல்லை.

பழைய மிட்வைவ் – புதன், இரவு 8.05

உண்மைதான் ரீச்சர். எச்.பி.வி. பரிசோதனைக்கு ஒரு சின்னத் தூரிகை போன்றதைப் பெண்ணே உள்ளே விட்டுச் சுழற்றி எடுத்துப் போத்தலில் போடலாம், உலக சுகாதார ஸ்தாபனமும் அதை ஏற்றுக்கொள்கிறது. பப்புக்கு அப்படி முடியாது. கால் விரித்துப் படுக்க வேண்டும் என்ற கூச்சத்திலேயே எத்தனை பேர் வராமல் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். "ஆம்பிளை டொக்டரா?" என்பதுதான் நான் கேட்ட முதல் கேள்வி, வருடக்கணக்காக.

அதோடு, மாற்றம் தெரிந்தால் சிகிச்சையும் தீவுக்கே வர வேண்டும். இப்போது கையில் தூக்கிப் போகக்கூடிய வெப்பச் சிகிச்சைக் கருவிகள் வந்திருக்கின்றன. நிமிடக் கணக்கில் வேலை முடியும். எல்லாருக்கும் அது பொருந்தாது, மாற்றம் பெரிதாக இருந்தால் ஆஸ்பத்திரிதான். ஆனால் ஒரு பகுதிப் பெண்களுக்காவது அந்தப் படகுப் பயணம் தேவைப்படாது.

கோண்டாவில் வாசகி – வியாழன், காலை 9.00

எல்லாரும் ஒரே பக்கம் எழுதுகிறபடியால் மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எச்.பி.வி. என்பது உடலுறவால் பரவுகிற வைரஸ். "உங்களுக்கு இருக்கிறது" என்று ஒரு பெண்ணுக்கு முடிவு வந்தால் எங்கள் ஊரில் அடுத்து என்ன நடக்கும்? அவளைச் சந்தேகிப்பார்கள், அல்லது அவள் கணவனைச் சந்தேகித்து வீடு உடையும். என் சிநேகிதி ஒருத்திக்கு வெளிநாட்டில் அப்படி முடிவு வந்து, மூன்று மாதம் சாப்பிடாமல் கிடந்தாள். திரும்பப் பார்த்தபோது வைரஸ் இல்லை. அந்த மூன்று மாதத்தை எந்த நிரலில் போடுவீர்கள்? தேவையில்லாத சிகிச்சையும் நடக்கும்தானே?

பழைய மிட்வைவ் – வியாழன், காலை 10.40

பிள்ளை, நீங்கள் சொல்வது நியாயம். இதை மூடி மறைத்தால் திட்டமே விழும்.

இந்த வைரஸ் தொற்றியவர்களில் பத்துக்கு ஒன்பது பேரிடம் இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதைத் துரத்திவிடும். அதனால்தான் 20களில் இருக்கிற பிள்ளைகளுக்குப் பொதுவாக இதைப் பார்ப்பதில்லை. 30க்குப் பிறகும் தங்கி நிற்கிற தொற்றுத்தான் எங்கள் கவலை. தேவையில்லாத சிகிச்சையைக் குறைப்பதற்காகத்தான் வயதெல்லை வைத்திருக்கிறார்கள். முதலில் இங்கே 35 வயதுப் பெண்கள், பிறகு 45ம் சேர்ந்தது.

சந்தேகக் கதைக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. வைரஸ் எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. பத்து வருடம் பேசாமல் கிடந்துவிட்டும் வெளியே தெரியும். உறவு வைத்துக்கொள்ளும் ஆண், பெண் அநேகமாக எல்லாருக்கும் வாழ்நாளில் ஒரு தடவையாவது வரும். தடிமல் மாதிரி நினையுங்கள் என்று சொல்லுவேன். இதைப் பரிசோதனைக்கு முன்பே சொல்ல வேண்டும். முடிவு வந்த பிறகு சொன்னால் காதில் ஏறாது. ஒரு பெண்ணுடன் இருந்து கதைக்கப் பத்து நிமிடம் வேண்டும். கிளினிக் நாளில் அறுபது பேர் வாங்கில் இருந்தால் அந்தப் பத்து நிமிடம் எங்கே இருந்து வரும்? ஆட்களைக் கூட்டாமல் கிட்டை மட்டும் வாங்குவதைப் பற்றி எனக்குப் பயம் அதனால்தான்.

திருநெல்வேலி மாணவன் – வியாழன், பிற்பகல் 4.20

உடுவில் அக்காவின் அலுவலருக்கு இன்னொரு பதிலும் கடமைப்பட்டிருக்கிறோம். "செலவுக்குத் தக்க பலன் உண்டு" என்பதும் "கையில் காசு இருக்கிறது" என்பதும் வெவ்வேறு. ஒரு ஆயுள் வருடத்துக்கான செலவு தலைக்குரிய உற்பத்திக்குக் கீழே இருந்தால் மிக நல்ல முதலீடு என்று ஒரு காலத்தில் எல்லாரும் எழுதினார்கள். இலங்கைக்கு அது 4,000 டாலர் அளவில் வரும். அந்த அளவுகோலை வைத்தால் எத்தனையோ திட்டங்கள் தேறிவிடும், எல்லாவற்றுக்கும் திறைசேரியில் பணம் இராது. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர்களே பிறகு அந்த அளவுகோலைத் தனியே வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று எழுதினார்கள். ஆகவே அவர் 2022ஐ நினைவுபடுத்தியது தவறில்லை.

ஆனால் இங்கே கட்டடம் இருக்கிறது, மிட்வைவ் இருக்கிறார், பிரஷரும் சீனியும் பார்க்கிற அதே நாளில் இதையும் பார்க்கிறார்கள். அடித்தளச் செலவு ஏற்கெனவே போட்டாயிற்று. இனிப் போடுகிற மேலதிக ரூபாய் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. என்னைக் கேட்டால் முதல் ரூபாயை முடிவு கையில் சேர்வதற்கும் சிகிச்சை கிட்ட வருவதற்கும் போடுவேன். புது இயந்திரம் அதற்குப் பிறகு.

உடுவில் மகள் – ஞாயிறு, இரவு 8.30

நேற்றுக் காலை கிளினிக்குக்குப் போய் வந்தேன். பார்த்தது ஒரு பெண் டொக்டர். திரைக்குப் பின்னால் மூன்று நிமிடம் கூட ஆகவில்லை. கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, நோவு என்று சொல்ல முடியாது. எனக்கு முன்னால் இருந்த பெண்ணுக்கு ஒரு போன் நம்பர்தான் பதிந்தார்கள். நான் என்னுடையதையும் அம்மாவுடையதையும் இரண்டாகக் கொடுத்து, முடிவு வராவிட்டால் எந்த நாளில் வந்து கேட்க வேண்டும் என்று துண்டின் பின்பக்கம் எழுதி வாங்கினேன். அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணும் திரும்பிப் போய்த் தன் தங்கையின் நம்பரைக் கொடுத்தார்.

அலுவலரிடம் வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். காரைநகர் அக்காவின் கதையைப் பெயர் ஊர் இல்லாமல் சொன்னேன். மன்னிக்க வேண்டும், கேட்காமல் சொல்லிவிட்டேன். அவர் நீண்ட நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

காரைநகர் தங்கை – ஞாயிறு, இரவு 9.15

சொன்னது பரவாயில்லை தங்கச்சி.

பழைய மிட்வைவ் மிஸ், எனக்கு 41 என்று எழுதினேன். 35இல் விட்டது. இப்போது போனால் எடுப்பார்களா, அல்லது 45 வரை நிற்க வேண்டுமா?

பழைய மிட்வைவ் – ஞாயிறு, இரவு 9.22

நிற்கவே வேண்டாம். உங்கள் பகுதி மிட்வைவிடம் விட்டுப்போனது என்று சொல்லுங்கள். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் கிளினிக் நாள் சொல்வார்கள். மாதவிலக்கு நின்று நாலைந்து நாள் கழித்துப் போங்கள். முதல் நாள் உறவும் உள்ளே வைக்கிற மருந்தும் வேண்டாம். அக்காவுக்கு வந்ததால் உங்களுக்கும் இருக்கும் என்று இல்லை, இது பரம்பரை நோய் மாதிரி இல்லை, வைரஸால் வருவது. இடையில் இரத்தம் பட்டால் மட்டும் கிளினிக் நாளைப் பாராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தனியே போக வேண்டாம். ஆரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

காரைநகர் தங்கை – ஞாயிறு, இரவு 9.40

இரத்தம் ஒன்றும் இல்லை மிஸ். அக்காவின் மகள் வருகிறேன் என்கிறாள். நாளைக் காலை மிட்வைவுக்குப் போன் எடுக்கிறேன்.